முட்டைக்குள் நோய் வராது என்று யார் சொன்னது?

இந்த மாதமும் ஒரு அட்டைப்பெட்டி வந்தது. அல்சூரில் மொட்டைமாடியில் கோழி வளர்ப்பவர், இன்குபேட்டரில் பொரித்து ஒரு வாரமான குஞ்சுகள். இறக்கையைத் தொங்கப்போட்டு, கண் சொருகி, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. ஒன்றைத் தூக்கிப் பார்த்தால் பின்பக்கம் வெள்ளை எச்சம் காய்ந்து அடைத்துக் கிடக்கிறது. “வெளியிலேயே விடலையே டாக்டர், நோய் எங்கிருந்து வந்துச்சு?”

தாய்க்கோழியிடமிருந்துதான் சார்.

பெங்களூரு மாடிக் கூண்டுகளில் எல்லாம் கலந்துதான் இருக்கும். ஹெப்பாளில் உருவாக்கிய கிரிராஜா, சந்தையில் வாங்கிய நாட்டுக்கோழி, யாரோ கொடுத்த கடக்நாத், ஊரிலிருந்து பஸ்ஸில் வந்த அசீல் சேவல். இதில் ஒரு பெட்டை, குஞ்சுகளுக்கு இந்த நோயைத் தரும் சால்மொனெல்லா புல்லோரம் என்ற பாக்டீரியாக் கிருமியைச் சுமந்தாலும் உங்களுக்குத் தெரியாது. நன்றாக மேயும், முட்டையும் இடும். கிருமி அதன் சூலகத்தில் தங்கியிருக்கும்.

“ஓடு மூடித்தானே இருக்கு” என்பார்கள். ஐயா, ஓடு கடைசியில்தான் வருகிறது! மஞ்சள் கரு சூலகத்தில் வளர்ந்து, வெள்ளைக் கரு சுற்றி, சவ்வு மூடி, அப்புறம்தான் ஓடு கட்டும். ஓடு கட்ட மட்டுமே ஏறக்குறைய 20 மணி நேரம். கிருமி அதற்கு முன்பே மஞ்சள் கருவில் ஏறிவிட்டால், திருடனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிய கதைதான். அந்தக் கதவிலும் ஆயிரக்கணக்கில் நுண்துளைகள்; 21 நாளும் குஞ்சுக்கு மூச்சு அவற்றின் வழியாகத்தான். எச்சம் ஒட்டிய முட்டையைப் பச்சைத் தண்ணீரில் கழுவினால், உள்ளிருப்பது குளிர்ந்து சுருங்கி அழுக்கையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். “சுத்தமா கழுவித்தான் வெச்சேன்” என்று பெருமையாகச் சொல்பவரிடம் நான் என்ன பேச?

எல்லா முட்டையிலும் கிருமி இருக்காது. இருக்கவும் வேண்டாம். ஒரு குஞ்சு வெளியே வந்து அதன் பஞ்சு முடி இன்குபேட்டருக்குள் பறந்தாலே போதும், மற்றவை மூச்சோடு வாங்கிக்கொள்ளும்.

ராணிக்கெட் என்ற கோழி நோய்க்குப் போடும் தடுப்புச் சொட்டு மருந்து இதற்கு உதவாது. அது வைரஸ், இது பாக்டீரியா. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய பொடியைக் கலக்கினால் சாவு குறையலாம். ஆனால் பிழைத்ததும் கிருமியைச் சுமக்கும், பெரிதானால் அதன் முட்டையிலும் இறங்கும். தயவுசெய்து அவற்றை ஊரில் அம்மா வீட்டுக் கோழிகளோடு கொண்டுபோய் விடாதீர்கள்.

அடை வைக்கும் முன் சேவல் உட்பட எல்லாவற்றுக்கும் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இறக்கை நரம்பிலிருந்து ஒரு சொட்டு, அதோடு ஒரு சொட்டு வண்ண ஆன்டிஜன், அதாவது சாயமேற்றிய செத்த கிருமிக் கரைசல். இரண்டு நிமிடத்துக்குள் துகள் துகளாகத் திரண்டால் அந்தக் கோழியின் முட்டையை வைக்காதீர்கள். அழுக்கு முட்டையையும் தள்ளிவையுங்கள். ஒவ்வொரு முறை பொரித்த பின்னும் இன்குபேட்டரைக் கழுவிக் கிருமிநாசினி போடுங்கள். குழந்தைகள் குஞ்சுக்கு முத்தம் கொடுக்க வேண்டாம், தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

செத்த குஞ்சைக் குப்பையில் போட்டுவிட்டு என்னிடம் காரணம் கேட்காதீர்கள். இரண்டு கவரில் சுற்றி, ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வைத்து அன்றே கொண்டு வாருங்கள். ஃப்ரீசரில் வேண்டாம், உறைந்துபோனால் திசுவைச் சரியாகப் பார்க்க முடியாது.