மெட்டல் என்றால் உலோகமா? கோத்திக் வல்லிசை: ஒரு சொல் விளக்கம்

கனத்த கிற்றார் ஒலி கொண்ட ‘கோத்திக் மெட்டல்’ என்ற மேலைத்தேய ரொக் வகையை ‘இருள் உலோக இசை’ என்று ஒருவர் எழுதுகிறார். இன்னொருவர் ‘பேய் உலோகம்’ என்கிறார். மூன்றாமவர் இன்னும் துணிந்து, ‘சாத்திரீய சங்கீதமும் பார உலோகமும் கலந்த கோதிய இறுவட்டு’ என்று ஒரு இசைத்தொகுப்பை அறிமுகம் செய்கிறார். இலங்கையில் செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் பார உலோகம் என்றதும் நினைவுக்கு வருவது கட்மியமும் ஆசனிக்கும்தான். பசளையிலும் கிணற்றுத் தண்ணீரிலும் இருக்கிறதா என்று ஆய்வுகூடத்தில் பார்ப்பார்களே, அது. அதைச் சங்கீதத்தோடு கலந்து இறுவட்டில் ஏற்றினால் வாசகர் என்ன நினைப்பார்? மொழிபெயர்த்தவர் ஒரு கணம் யோசித்திருக்கலாம்.

கோத்திக் என்ற சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்ப்போம். கோத்துக்கள் ஒரு ஜெர்மானிய இனத்தார். 410இல் அலாரிக்கின் தலைமையில் ரோமைச் சூறையாடியவர்கள். கூர்வளைவும் உயர்ந்த சாளரமும் கொண்ட கட்டடக்கலை பாரிஸுக்கு அருகே சென் டெனி மடாலயத்தில் 1144இல் உருப்பெற்றபோது மேற்கு ஐரோப்பாவில் கோத்துக்கள் என்று ஒரு தனிக் கூட்டம் எஞ்சியிருக்கவில்லை. பிற்காலத்து இத்தாலியர் அந்தப் பாணியைக் காட்டுமிராண்டி வேலை என்று இகழ்வதற்காக அவர்கள் பெயரை ஒட்டினார்கள். இகழ்ச்சி போய்ப் பெயர் மட்டும் நின்றது. கண்டியில் தலதா மாளிகைக்குப் பக்கத்திலுள்ள செங்கல் பரிசுத்த பவுல் ஆலயமும், டிக்கோயாவில் காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்து நிற்கும் 1878ஆம் ஆண்டின் வார்லி கல் ஆலயமும் அந்தப் பாணியின் மறுமலர்ச்சிக் காலத்து வாரிசுகள். இருளுக்கு வருவோம். ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் 1764இல் பாழடைந்த கோட்டையையும் சாபத்தையும் வைத்து ஒரு நாவல் எழுதி, அடுத்த ஆண்டு இரண்டாம் பதிப்பில் அதைக் ‘கோத்திக் கதை’ என்று அழைத்தார். கட்டடத்தின் பெயர் கதைக்கு வந்தது அப்படித்தான். 1970களின் இறுதியில் அதே மனநிலை இங்கிலாந்தின் ரொக் இசைக்கு வந்தது. 1991இல் ஹலிஃபக்ஸ் ஊரின் ‘பரடைஸ் லொஸ்ட்’ குழு தன் இரண்டாவது தொகுப்புக்கு ‘கோத்திக்’ என்றே பெயரிட்டு, மெதுவான உறுமல் இசைக்குள் வாத்தியக் குழுவையும் பெண் குரலையும் நுழைத்தது. வகையின் பெயர் அங்கிருந்து நிலைத்தது.

ஆகவே கோத்திக் என்பது இனப்பெயரில் தொடங்கி, வசையாகி, கட்டடமாகி, கதையாகி, இசையாகிய பெயர். இதை ‘இருள்’ என்று பெயர்ப்பவர் கடைசி இரண்டு படிகளை மட்டும் பார்த்துவிட்டு மற்றவற்றை வெட்டிவிடுகிறார். வெட்டினாலும் பரவாயில்லை என்றால், அடுத்து வரும் ‘பிளக் மெட்டலை’ என்ன செய்வது? கரிய உலோகமா? ‘டெத் மெட்டல்’ மரண உலோகமா? ‘டூம் மெட்டல்’ அழிவு உலோகமா? இருள், கருமை, மரணம், அழிவு என்று வரிசையாக வைத்தால் நான்கும் ஒரே சவப்பெட்டிக்குள் போய்விடும். கேட்பவருக்கோ அவை நான்கு வேறு இசை. 1990களின் தொடக்கத்தில் நோர்வேயில் வளர்ந்த பிளக் மெட்டல் வேகமானது, ஒலிப்பதிவில் வேண்டுமென்றே கரடுமுரடானது. கோத்திக் வகை பெரும்பாலும் மெதுவானது, மெட்டு தெளிவானது. ஒன்றைக் கரிய உலோகம், மற்றதை இருள் உலோகம் என்றால் எது எதுவென்று யாருக்குத் தெரியும்? பேய் உலோகம் பற்றிப் பேசவே வேண்டாம். பாடல்களில் பாதிக்கு மேல் காதலும் இழவும் துக்கமும்தான். பேயைத் தேடினால் கிடைப்பது அரிது.

இனி ‘உலோகம்’. மெட்டல் என்ற சொல்லின் கிரேக்க மூலம் சுரங்கத்தையும் கற்குழியையும் குறித்தது. அந்த வகையில் மலையகத்துப் பேச்சு ஐரோப்பியரைவிட மூலத்துக்கு நெருக்கம். இங்கே மெட்டல் என்றால் தார் போடுமுன் லொறியில் கொண்டுவந்து கொட்டும் கருங்கல் சல்லி. இசையில் அந்தப் பெயர் வந்த வழி வேறு. 1968இல் ‘ஸ்டெப்பன்வுல்ஃப்’ குழுவின் பாட்டொன்றில் மோட்டார் சைக்கிளின் முழக்கத்தைச் சொல்ல வந்த தொடர் ‘ஹெவி மெட்டல்’. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க விமர்சகர் அதை இசைக்குப் பயன்படுத்தினார்கள். மெட்டலின் முன்னோடிக் குழுவான ‘பிளக் சபத்’தின் கிற்றார்க்காரர் டொனி அயோமி பர்மிங்ஹாமில் உலோகத் தகடு வெட்டும் தொழிற்சாலையில் விரல் நுனிகளை இழந்தவர், ஆகவே உலோகம் பொருத்தமே என்று வாதிடுவோர் உண்டு. கதை உண்மை, முடிவு பிழை. பெயர் அவர் விரலிலிருந்து வரவில்லை. அவர் விரல் தந்தது பெயரை அல்ல, ஒலியை. நோகாமல் வாசிக்கத் தந்திகளைத் தளர்த்தி, 1971இன் தொகுப்பில் மூன்று அரைச்சுரம் இறக்கினார். 82 ஹேர்ட்ஸில் நின்ற அடித்தந்தி ஏறக்குறைய 69க்கு வந்தது. காமன் கூத்தில் தப்பை நெருப்பில் காட்டித் தோலை இறுக்கிச் சுருதி ஏற்றுகிறோம். இவர்கள் தந்தியைத் தளர்த்திக் கனத்தை ஏற்றுகிறார்கள்.

அந்தக் கனத்தைச் சொல்லத் தமிழில் சொல் இல்லையா? தொல்காப்பியம் செய்யுளியலில் இருபது வண்ணங்களை, அதாவது செய்யுளின் ஓசைநடைகளை, சொல்கிறது. வல்லெழுத்து மிகுந்து வருவது வல்லிசை வண்ணம். அடுத்ததே மெல்லிசை வண்ணம். இரண்டில் மெல்லிசையை மட்டும் எடுத்து வானொலியும் மேடைகளும் பல்லாண்டாகப் புழங்குகின்றன. அதன் இணையை ஏட்டிலேயே விட்டுவிட்டோம். மெட்டலுக்கு வல்லிசை என்பது புதிதாகச் சுட்டெடுத்த சொல் அல்ல, மெல்லிசை அறிந்த எவருக்கும் விளக்கமின்றிப் புரியும். ‘ஹார்ட் ரொக்’கையும் அது விழுங்கிவிடாதா என்று கேட்கலாம். ரொக்கை ரொக் என்றே விட்டுவிட்டால் விழுங்காது.

எழுத்துக்கூட்டலிலும் தகராறு உண்டு. ‘கோதிக்’ என்று எழுதினால் இடையில் ஒற்றைத் தகரம் மெலிந்து, கூந்தல் கோதுவது போல ஒலிக்கும். தகரம் இரட்டிக்க வேண்டும். டொக்டர், ரொக் என்று குறில் எழுதும் நம் வழக்கப்படி ‘கொத்திக்’ என்றால், ‘கொத்திக் மெட்டல்’ கற்குழியில் வேலை செய்பவரின் ஒலிதான். கோப்பியை நெடிலாக்கிய நாட்டவர் இதையும் நெடிலாக்கலாம்: கோத்திக்.

மிகப் பெரிய குழப்பம் இனித்தான். செந்நெறி இசை கலந்திருப்பதால் அது ‘கோத்திக்’ என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ‘டைப் ஓ நெகட்டிவ்’ என்ற குழுவின் இசை, பெரிய வாத்தியக் குழு எதுவுமின்றியே கோத்திக். வாத்தியக் குழுவே முதுகெலும்பானால் அது சிம்பொனிக் வல்லிசை. சுவீடனின் ‘தெரியன்’ குழு 1996இல் வெளியிட்ட ‘தெலி’ தொகுப்பு அந்தப் பக்கம். இரண்டும் சந்திக்கும் இடம் நோர்வேயின் ‘தியேட்டர் ஒஃப் ட்ராஜெடி’ போன்ற குழுக்கள்: ஆண் உறுமலும் சொப்ரானோ என்ற உச்சப் பெண் குரலும் பியானோவும் ஒரே பாட்டில்.

கிற்றாரோடு செந்நெறி வாத்தியங்கள் கலப்பதற்கு இசைக் காரணமும் உண்டு. ஒலியைச் சிதைத்து வாசிக்கும் கிற்றாரில் ச, ப, மேல் ச மட்டுமே சுத்தமாக நிற்கும். காந்தாரத்தைச் சேர்த்தால் தேவையற்ற ஒலிகள் பிறந்து சேறாகும். காந்தாரம் இல்லாமல் துக்கமா மகிழ்ச்சியா என்பது தெரியாது. அந்த இடத்தை வயலினும் குரலும் நிரப்புகின்றன. பெரும்பாலும் ‘சாதாரண காந்தாரம்’ எனப்படும், துக்கம் தொனிக்கும் தாழ்ந்த காந்தாரம், சுர அடுக்கில் நடபைரவி அல்லது கீரவாணி (கமகம் எதிர்பார்க்க வேண்டாம்). கெட்டுப்போவதும் இங்கேதான். செலோவை (வயலின் இனத்துத் தாழ்ந்த ஒலி வாத்தியம்) கிற்றாரோடு ஒரே ஸ்தாயியில் வைத்தால் செலோ காணாமல் போகும். வயலினையும் கோரஸையும் மேலே ஏற்ற வேண்டும்.

‘சாத்திரீய சங்கீதம்’ என்பதையும் கைவிடுங்கள். நம் பாடசாலைப் பிள்ளைக்கு அது வீணையும் வர்ணமும். மேலைத்தேயம் என்ற அடை கட்டாயம் வேண்டும். இணையத்தில் மட்டும் வெளியானதை இறுவட்டு என்பதும் பொருந்தாது, தொகுப்பு போதும். ஆக அந்த வசனம் இப்படி அமையலாம்: ‘மேலைத்தேயச் செந்நெறி இசையையும் கனத்த ரொக்கையும் இணைத்த கோத்திக் வல்லிசைத் தொகுப்பு’. முதல் தடவை மட்டும் அடைப்புக்குள் ‘கோத்திக் மெட்டல்’ என்று போட்டுவிடுங்கள். தேடுபவருக்கு அகப்பட வேண்டும். குழுக்களின் பெயரைத் தயவுசெய்து மொழிபெயர்க்காதீர்கள். ‘பரடைஸ் லொஸ்ட்’டை ‘இழந்த சொர்க்கம்’ என்று தேடினால் அதே பெயரில் காவியம் எழுதிய ஆங்கிலக் கவிஞர் மில்டன்தான் வருவார்.