மூலைப்பட்டை எவ்வளவு நகரும்?

வீட்டின் வெளிச்சுவரை மூட அடிக்கும் ஃபைபர் சிமென்ட் (நார் கலந்த சிமென்ட்) பலகையை அறுத்து, அறுத்த விளிம்பைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். மெல்லிய அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியதுபோல் வரிவரியாகத் தெரியும். காகித ஆலை இயந்திரத்தில் சிமென்ட் கூழை ஊற்றி, ஏடு ஏடாகச் சுருட்டித் தகடாக்கும் வழியை 1900 வாக்கில் கண்டுபிடித்தவர் ஆஸ்திரியாவின் லுட்விக் ஹாட்செக். அன்று அதில் சேர்த்த நார் ஆஸ்பெஸ்டாஸ். இன்று மரக்கூழ் நார். அந்த விளிம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். பெயின்ட் அடித்த முகத்தில் விட்டால் வழிந்து ஓடிவிடும்.

வீட்டு மூலையில் இரண்டு பக்கத்துப் பலகைகளின் வெட்டு விளிம்புகளும் வந்து முடிகின்றன. சுவரிலேயே தாகம் அதிகமுள்ள இடம் அது. அதை மூட மேலிருந்து கீழாக அடிக்கும் மூலைப்பட்டையைப் பலர் நிறம் பார்த்து வாங்குகிறார்கள். நான் முதலில் பார்ப்பது, அது வெயிலிலும் மழையிலும் எவ்வளவு நகரும் என்பதைத்தான்.

கணக்கு எளிது. 3 மீட்டர் நீளப் பட்டை. குளிர்ந்த இரவுக்கும் உச்சிவெயிலில் காயும் பரப்புக்கும் 40 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். பிவிசி பட்டை சுமார் 7 மி.மீ. நீளும். அலுமினியம் 3 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. ஃபைபர் சிமென்ட் ஏறக்குறைய 1 மி.மீ. மரம், நார் ஓடும் திசையில், அதைவிடவும் குறைவு.

பிவிசிக்கு ஈரமும் தெரியாது, கரையானும் தெரியாது. ஆனால் இரண்டு முனையிலும் இறுக்கி அடித்துவிட்டால் நீள வழியில்லாமல் வில்லாக வளையும். பலகைக்கும் பட்டைக்கும் நடுவே பூசிய சீலன்டை (சந்தை அடைக்கும் பசையை) மேலும் கீழுமாக இழுத்துக்கொண்டே இருக்கும். அடர் நிறம் பூசினால் சூடு இன்னும் ஏறும். 80 டிகிரியை நெருங்கும்போது பிவிசி இளகத் தொடங்கிவிடும் என்பதால், வெளிர் நிறத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மரத்தின் சங்கடம் வேறு. நீளத்தில் அசையாத அது அகலத்தில் ஊதும். 100 மி.மீ. அகலப் பட்டை, காய்ந்த நிலைக்கும் ஈர நிலைக்கும் இடையே 2 மி.மீ. வரை மாறக்கூடும். பெயின்ட் வெடிப்பது அதனால்தான். உளுத்துப்போவது பெரும்பாலும் அடிமுனையில் தொடங்கும். நார்க்குழாய்கள் அங்கே வாய் திறந்திருக்கின்றன, உறிஞ்சுகுழல் மாதிரி.

அலுமினியத்தில் இருப்பது வேதியியல் சிக்கல். அதைக் காப்பது மேலே தானாகப் படியும் ஆக்சைடு படலம். நனைந்த சிமென்டிலிருந்து கசியும் காரம் அந்தப் படலத்தைக் கரைத்து, உலோகத்தை அரித்து, ஹைட்ரஜனைக் கிளப்பும். ஏஏசி பிளாக் எனும் எடை குறைந்த, நுரைபோன்ற கட்டுமானக் கல் பொங்குவது இதே வினையால்தான். அதன் சிமென்ட் கலவையில் அலுமினியத் தூளை வேண்டுமென்றே போடுகிறார்கள். அங்கே வரமாக இருப்பது மூலையில் சாபம். ஆகவே வெற்று அலுமினியம் கூடாது. பவுடர் கோட்டிங் (தூளாகத் தூவிச் சூட்டில் உருக்கிய பூச்சு) செய்த பட்டைதான் சரி. அறுத்த முனையில் பூச்சு போயிருக்கும், அதையும் மூட வேண்டும்.

என் ஓட்டு அதே ஃபைபர் சிமென்டால் ஆன பட்டைக்கு. பலகையும் பட்டையும் சேர்ந்தே நீளும், சேர்ந்தே சுருங்கும், ஒரே பெயின்டைத் தாங்கும். கனம் அதிகம், விளிம்பு எளிதில் உடையும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அறுக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலுக்கு எமன். தூசி உறிஞ்சியும் முகக்கவசமும் இல்லாமல் ரம்பத்தைத் தொடக் கூடாது.

எந்தப் பட்டையானாலும் தடிமன் முக்கியம். 8 மி.மீ. பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் சுவரிலிருந்து 16 மி.மீ.க்கு மேல் துருத்தி நிற்கும். 12 மி.மீ. பட்டை வைத்தால் பலகை முனைகள் அதைத் தாண்டி வெளியே எட்டிப் பார்க்கும். 25 மி.மீ. இருந்தால் உள்ளடங்கிவிடும்.

பலகைக்கும் பட்டைக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளி விட்டு, பெயின்ட் ஏற்கும் நெகிழ்வான சீலன்டை நிரப்புவார்கள். அது இரண்டு பக்கவாட்டிலும் ஒட்டினால் போதும். பின்பக்கமும் ஒட்டிக்கொண்டால் ரப்பரைப்போல நீள முடியாமல் கிழிந்துவிடும். இதற்கெல்லாம் முன்பே, வெட்டிய விளிம்புக்குப் பிரைமர் அடித்துவிட வேண்டும். பலகையை ஆணி அடித்து நிறுத்திவிட்டால், அந்த 3 மி.மீ. சந்துக்குள் பிரஷ் நுழையாது.