ஆர்கேட்னா சூதாட்டக் கூடம் இல்லங்க

சக் இ. சீஸ்னு அமெரிக்காவுல ஒரு பீட்சா உணவகம், குழந்தைங்க கேம் மெஷின்ல ஆடற ஆர்கேட்டும் அதுக்குள்ளயே இருக்கும். அத பத்தி தமிழ்ல எது வந்தாலும் ‘ஆர்கேட்’ங்கறதுக்கு ‘சூதாட்டக் கூடம்’ங்கற சொல் எங்கயாவது ஒட்டிக்கிட்டே வருது. 2023 டிசம்பர்ல அந்த கம்பெனியும் மேஜிக்கல் எல்வ்ஸ்ங்கற டிவி தயாரிப்பு நிறுவனமும் (டாப் ஷெஃப், நெயில்ட் இட் எல்லாம் எடுத்தவங்க) சேந்து ஒரு கேம் ஷோ பண்ணப்போறோம்னு அறிவிச்சாங்க. பெரியவங்க ரெண்டு ரெண்டு பேரா வந்து, பிரம்மாண்ட சைஸ்ல செஞ்ச ஆர்கேட் கேம்கள்ல போட்டி போட்டு, டிக்கெட் சேத்து, ஒரு சுவர் முழுக்க அடுக்கியிருக்கற பரிசுகள்ல இருந்து வாங்கிக்கணும், இதான் விஷயம். இத தமிழ்ல ‘குடும்ப சூதாட்ட உணவகம் தொலைக்காட்சி விளையாட்டு நிகழ்ச்சியாகிறது’ன்னு எழுதினா படிக்கறவங்க என்ன நெனப்பாங்க? குடும்பத்தோட போயி சீட்டாடிட்டு சாப்பிட்டு வர்ற எடம்னுதான? அஞ்சு வயசு குழந்தைக்கு பர்த்டே கொண்டாடற கடைங்க அது!

சொல்லோட கதைய சுருக்கமா சொல்லிடறேன். லத்தீன்ல ஆர்குஸ்னா வில், வில் மாதிரி வளைஞ்சது. அதுலேருந்து இத்தாலியன்ல ஆர்காத்தா, பிரெஞ்சுல ஆர்கேட், அப்டியே இங்கிலீஷ். முதல்ல வரிசையா வளைவு வச்சு கட்டின நடைய சொன்னாங்க, அப்புறம் அந்த நடைக்கு கூரை போட்டு ரெண்டு பக்கமும் கடை வச்சப்ப அந்த கடைத்தெருவுக்கே பேராச்சு, லண்டன்ல 1819ல தொறந்த பர்லிங்டன் ஆர்கேட் இன்னும் இருக்கு. நம்ம ஊர்ல ஷாப்பிங் காம்ப்ளெக்ஸுக்கெல்லாம் ஏதோ ஒரு ஆர்கேட்னு பேர் வைக்கறது இந்த அர்த்தத்துலதான். அப்புறம் ஒரு பென்னி போட்டா படம் காட்டற பொட்டி, எடை பாக்கற மெஷின், ஜோசியம் சொல்ற மெஷின் எல்லாத்தயும் ஒரே எடத்துல வச்சு பென்னி ஆர்கேட்னு நடத்தினாங்க. அதுல சாய்வான பலகையில பந்த ஓடவிட்டு ஆடற பின்பால் வந்துச்சு, 1970கள்ல வீடியோ கேம் வந்துச்சு, ஆர்கேட்னாலே கேம் மெஷின் இருக்கற எடம்னு ஆயிடுச்சு. வளைவும் போச்சு, கடைத்தெருவும் போச்சு, மெஷின் மட்டும் மிச்சம்.

இப்ப இந்த ‘சூதாட்டக் கூடம்’ எங்கேருந்து வந்துச்சுன்னு பாப்போம், ஏன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கு, சும்மா யாரும் வாய்க்கு வந்தத எழுதிடல. பின்பால ஒரு காலத்துல அமெரிக்காவுலயே சூதுன்னுதான் பாத்தாங்க. நியூயார்க்ல மேயர் லகார்டியா 1942ல தடையே போட்டாரு, மெஷினையெல்லாம் சம்மட்டியால ஒடச்சு போட்டோவுக்கு போஸ் குடுத்தாரு. அந்த காலத்து பின்பால்ல பந்த தட்டிவிடற ஃபிளிப்பர் கெடையாது, பந்த விட்டா அது போற எடத்துக்கு போகும், பாக்கி உங்க அதிர்ஷ்டம். 1947ல காட்லிப் கம்பெனி ஃபிளிப்பர் வச்ச பின்பால கொண்டுவந்ததுக்கு அப்புறம் விஷயமே மாறிடுச்சு, ஆடத் தெரிஞ்சவன் ஜெயிப்பான்ங்கற நெலமை. ஆனா தடை மட்டும் 1976 வரைக்கும் போச்சு. அந்த வருஷம் ரோஜர் ஷார்ப்னு ஒருத்தர் நகர சபை ஆளுங்க முன்னாடி மெஷின வச்சு, பந்து இந்த நடு வழியாத்தான் போகும்னு முன்கூட்டியே சொல்லிட்டு இழுத்துவிட்டாரு, சொன்ன மாதிரியே போச்சு. இது கைத்தெறமைதான்னு ஒத்துக்கிட்டு தடைய எடுத்தாங்க. அதாவது நியூயார்க் 1976லயே விட்ட எண்ணத்த நாம இன்னும் தமிழ்ல தூக்கி சுமந்துட்டு இருக்கோம்.

எனக்கு இதுல ஆத்திரம் வர்றதுக்கு இன்னொரு காரணம் இருக்கு. சக் இ. சீஸ் கடை பொறந்ததே அந்த கெட்ட பேருல இருந்து தப்பிக்கத்தான். அடாரிங்கற வீடியோ கேம் கம்பெனிய ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான நோலன் புஷ்னெல் அப்ப பாத்தது என்னன்னா, தான் செஞ்ச மெஷினெல்லாம் பாருலயும் பௌலிங் எடத்துலயும் கெடக்கு, குழந்தைங்க ஆடணும்னு ஆசப்பட்டாலும் உள்ள வர முடியாது. அதனால 1977ல கலிஃபோர்னியா சான் ஹோசேல சக் இ. சீஸஸ் பீட்சா டைம் தியேட்டர்னு ஒண்ணு தொறந்தாரு. பீட்சா ஏன்னா அது வேக நேரமாகும், அது வரைக்கும் பசங்க டோக்கன் போட்டு ஆடிட்டு இருப்பாங்க. தியேட்டர் ஏன்னா மேடையில பொம்மைங்க தானா ஆடிப் பாடும். அப்பா அம்மா தைரியமா கூட்டிட்டு வர்ற மாதிரி ஒரு எடம் வேணும்ங்கறதுதான் மொத்த யோசனையே. அந்த மனுசன் பாருலேருந்தும் சூதுலேருந்தும் பிரிச்சு வெளிய கொண்டாந்தத மொழிபெயர்ப்பாளர் ஒரே சொல்லுல திரும்ப உள்ள தள்ளிடறாரு. தப்பு சின்னதில்ல.

அதுவும் எந்த நாட்டுல இருந்துகிட்டு இந்த சொல்ல போடறோம்? சூதுன்னா நமக்கு தருமன் நாட்டயும் தம்பிங்களயும் பொண்டாட்டியயும் பணயம் வச்ச கதைதான் ஞாபகம் வரும். 2022ல தமிழ்நாட்டுல வந்த சட்டத்தோட பேர எடுத்துக்கங்க, இணையவழி சூதாட்டத்துக்கு தடை, இணையவழி விளையாட்டுக்கு ஒழுங்குமுறை. தலைப்புலயே சூதாட்டம் வேற, விளையாட்டு வேறன்னு பிரிச்சு வச்சிருக்கு. சட்டம் எழுதினவங்களுக்கு தெரிஞ்ச வித்தியாசம் சப்டைட்டில் எழுதறவங்களுக்கு தெரிய வேணாமா?

இதுக்கு எதிர்ப்பக்கம் தனித்தமிழ் ஆர்வலர்கள் சொல்ற ‘வளைவகம்’. ஆர்குஸ்னா வளைவு, அதனால ஆர்கேட்னா வளைவகம்ங்கறாங்க. தனித்தமிழ் மேல எனக்கு ரொம்ப மரியாத உண்டு, இவ்ளோ எழுதறதே அதனாலதான், ஆனா இத ஒத்துக்கவே முடியாது. ‘அகம்’ ஒட்டி நாம செஞ்ச சொல்லையெல்லாம் வரிசையா பாருங்க, நூலகத்துல நூல் இருக்கு, உணவகத்துல உணவு கெடைக்குது, மருந்தகத்துல மருந்து விக்குறாங்க, பதிப்பகத்துல பதிப்பிக்கறாங்க. அகத்துக்கு முன்னாடி நிக்கற சொல் அங்க போனா என்ன கெடைக்கும், என்ன நடக்கும்னு சொல்லுது. வளைவகத்துல என்ன கெடைக்கும்? சான் ஹோசே கடையில ஒரு வளைவும் கெடையாது. வேர்ச்சொல்ல மொழிபெயர்க்கறது மொழிபெயர்ப்பே இல்ல, ஒரு சொல் இன்னிக்கு எத குறிக்குதோ அததான் பெயர்க்கணும். இங்கிலீஷ்காரனே மறந்துபோன வளைவ நாம ஏன் இறக்குமதி பண்ணணும்? ஜப்பான்காரன் அந்த சொல்லயே தொடல, கேம் சென்டர்னு வச்சுகிட்டான், வில்லப் பத்தி அவனுக்கு என்ன கவல.

‘மின்விளையாட்டரங்கம்’னு ஒண்ணு சுத்துது, அதுவும் பாதிதான் சரி. சறுக்குப் பலகையில பந்த உருட்டி வட்ட ஓட்டைங்கள்ல போடற ஸ்கீ பால் இருக்கு பாருங்க, அதுக்கு 1908லயே காப்புரிமை வாங்கிட்டாங்க, அந்த ஆட்டத்துக்கு மின்சாரம் வேணும்னே இல்ல, ஆனா இன்னிக்கும் எந்த ஆர்கேட்டுக்கு போனாலும் அது நிக்கும். அரங்கம்னா வேற பாக்கறவங்க ஒரு பக்கம் ஆடறவங்க ஒரு பக்கம்னு ஆயிடுது. ‘விளையாட்டுக் கூடம்’ போடலாமேன்னா ஷட்டில் ஆடற எடம் ஞாபகம் வருது. ‘காசாட்டக் கூடம்’னு ஒருத்தர் சொன்னாரு, காசு போட்டு ஆடறதாலயாம். காசு வச்சு ஆடறதுன்னா தமிழ்ல என்ன அர்த்தம்? சுத்தி சுத்தி திரும்ப சூதுலயே வந்து நிக்குது.

என் சொல் பொறியாட்டக் கூடம். பொறியில ஆடற ஆட்டம் பொறியாட்டம், அது இருக்கற எடம் கூடம். மின்சாரம் இருந்தாலும் இல்லாட்டியும், திரை இருந்தாலும் பந்து இருந்தாலும் எல்லாமே பொறிதான். பொறிங்கறது நேத்து செஞ்ச சொல் இல்ல, சிலப்பதிகாரத்துல மதுரைக் கோட்டை மதில்ல இருந்த கருவிங்கள அடுக்கும்போது ‘வளைவிற் பொறி’ன்னு ஒண்ணு வரும், வளைஞ்சு தானே அம்பு எய்யற எந்திர வில். ஆர்கேட்டோட வேருல வில், நம்ம பழைய பொறியிலயும் வில், ரெண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, ஆனா பாத்தப்ப மனசுக்கு அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு. பொறின்னா எலிப்பொறி ஞாபகம் வருமே, அதுவும் அந்த கடையோட சின்னமே எலியாச்சேன்னு கேக்கறவங்களுக்கு, பொறியியல் கல்லூரின்னு தெனமும் சொல்றீங்களே அப்ப யாருக்காவது எலி ஞாபகம் வந்துச்சா? பழகினா சொல் தன் எடத்துல உக்காந்துக்கும்.

டிக்கெட்டும் இதே கததான். ‘நுழைவுச்சீட்டு’ன்னு போடறாங்க. உள்ள போறதுக்கு வாங்கற சீட்டு இல்லங்க அது, ஆட்டத்துல எடுத்த பாயிண்டுக்கு ஏத்த மாதிரி மெஷின் துப்பற சீட்டு, சேத்து வச்சு பொம்மை வாங்கிக்கலாம். அப்ப ‘பரிசுச்சீட்டு’ன்னு போடலாமான்னா, ஐயோ வேணாம், தமிழ்நாட்டுல 1968லேருந்து 2003ல தடை வர்ற வரைக்கும் பரிசுச்சீட்டுன்னா லாட்டரி சீட்டு. புள்ளிச்சீட்டுன்னு சொன்னா வேல முடிஞ்சுது, எடுத்த புள்ளிக்கு கெடைக்கற சீட்டு. 2020ல கம்பெனி திவால் மனு போட்டு கோர்ட்டுல நின்னப்ப 700 கோடிக்கு மேல காகித டிக்கெட் தேங்கிக் கெடக்கு, அழிக்க அனுமதி குடுங்கன்னு கேட்டாங்க. அத ‘700 கோடி நுழைவுச்சீட்டு’ன்னு எழுதினா உலகத்துல கிட்டத்தட்ட எல்லாருமே அந்த கடைக்கு போக சீட்டு வாங்கிட்டு உக்காந்திருந்த மாதிரி இருக்காது?

அந்த கேம் ஷோவுல ஹ்யூமன் க்ளான்னு ஒரு ஆட்டம். அதுக்கு ‘மனித நகம்’. க்ளாங்கற சொல்லுக்கு அகராதில முதல்ல என்ன இருக்கோ அத எடுத்து போட்டுட்டு அடுத்த வரிக்கு போயிட்டாங்க. கண்ணாடிப் பொட்டிக்குள்ள பொம்மைங்க குவிஞ்சு கெடக்கும், மேலருந்து இரும்புக் கை எறங்கி ஒண்ண கவ்வி எடுக்கும், மால்ல பாக்காதவங்க யாரு? அந்த இரும்புக் கைக்கு பதிலா ஆளு. ஆள்கவ்வி. கவ்வறதுங்கற வினை நம்மகிட்ட இருக்கும்போது நகத்துக்கு எதுக்கு போகணும். மொழிபெயர்க்கறவங்க அந்த பொருள ஒரு தடவ பாத்துட்டு எழுதணும், ஒரு வீடியோ பாத்தா போதும், அதுக்குக்கூட நேரம் குடுக்காம வரிக்கு இவ்ளோன்னு காசு குடுத்து வாங்கறவங்க மேலயும் தப்பு இருக்கு.

அதே செய்தில நாஸ்டால்ஜியாவ ‘வீட்டு ஏக்கம்’னு போட்டிருந்தாங்க. 17ம் நூற்றாண்டு சுவிட்சர்லாந்துல யோஹான்னஸ் ஹோஃபர் அந்த சொல்ல செஞ்சப்ப அதுக்கு அந்த அர்த்தம் சரி, ஊர விட்டு வந்தவங்களுக்கு வர்ற நோய்னு எழுதினாரு. இப்ப இங்க சொல்றது வேற. 1980கள்ல அந்த மேடை பொம்மைங்கள பாத்து வளந்தவங்க இன்னிக்கு அப்பா அம்மா ஆயிட்டாங்க, 2024க்குள்ள பெரும்பாலான கிளைகள்ல அந்த பொம்மைங்களையும் எடுத்துட்டு திரையும் நடன மேடையும் வச்சுட்டாங்க, அப்ப போனது வீடு இல்ல, வயசு. பால்ய ஏக்கம்னு சொல்லலாம், பழநினைவுன்னும் சொல்லலாம். இந்த கேம் ஷோவுல குழந்தைங்கள விட்டுட்டு பெரியவங்கள ஆட வைக்கறதே அந்த ஏக்கத்துக்காகத்தான், இத புரிஞ்சுக்காம ‘வீட்டு ஏக்கம்’னா அந்த நிகழ்ச்சிய ஏன் எடுக்கறாங்கன்னே புரியாது.

கடைசியா கேம் ஷோ. ‘விளையாட்டு நிகழ்ச்சி’ன்னா நமக்கு ஸ்போர்ட்ஸ், விளையாட்டுச் செய்திகள்னு கேட்டே பழகிட்டோம். ‘போட்டி நிகழ்ச்சி’ பரவால்ல, ஆனா பாட்டுப் போட்டியும் சமையல் போட்டியும் அதுலயே வந்துடும். ஆட்டப்போட்டி நிகழ்ச்சின்னு நான் சொல்வேன், கொஞ்சம் நீளம்தான், இதவிட நல்லதா யாராவது சொன்னா எடுத்துக்கறேன், கேம் ஷோன்னே விட்டாலும் எனக்கு சண்டை இல்ல. தப்பான தமிழவிட தெளிவான கடன் சொல் எவ்ளோவோ மேல். டோக்கனையும் தொட வேணாம், ரேஷன் கடையிலேருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் எல்லாரும் சொல்ற சொல் அது.

ஆக அந்த செய்திய இப்டி எழுதியிருக்கலாம்: ‘பால்ய ஏக்கத்தைக் கிளறும் குடும்பப் பொறியாட்ட உணவகமான சக் இ. சீஸ், தொலைக்காட்சி ஆட்டப்போட்டி நிகழ்ச்சியாகிறது. இருவர் இருவராக வரும் பெரியவர்கள் பின்பால், ஏர் ஹாக்கி, பந்துருட்டு, ஆள்கவ்வி ஆகிய ஆட்டங்களின் பெரிய வடிவங்களில் போட்டியிட்டு, புள்ளிச்சீட்டு சேர்த்துப் பரிசு பெறுவார்கள்.’ ஷாப்பிங் ஆர்கேட்டுக்கு மட்டும் பொறியாட்டத்த கொண்டுபோயி ஒட்டிடாதீங்க, அது வேற அர்த்தம், அதுக்கு கூரைக் கடைத்தெருன்னு சொன்னா போதும்.