பழைய இத்தாலிய அக்கார்டியனா? பெல்லோஸை (காற்றுத் துருத்தியை)க் கழற்றிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்

போன வாரம் ஒருவர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். 1960களில் இத்தாலியில் செய்த அக்கார்டியன், கறுப்பு செல்லுலாய்டு இன்னும் பளபளக்கிறது. "சார், புதுசு விலையில பாதிதான் கேட்கிறாங்க. அந்தக் காலத்து ரீட் மாதிரி இப்ப வராதாமே?" என்றார். ரீட் என்றால், காற்றில் அதிர்ந்து ஒலி தருகிற எஃகு நாக்கு. மாதம் ஒருவராவது என்னிடம் இதைக் கேட்டுவிடுகிறார்கள்.

அவர் சொன்னதில் பாதி சரி. இத்தாலியின் காஸ்டெல்ஃபிதார்தோ ஊரில் பாவ்லோ சொப்ரானி 1863-இல் தொடங்கிவைத்த தொழில், 1950களில் ஸ்கந்தாலி சூப்பர் சிக்ஸ் போன்ற பெட்டிகளைத் தந்தது. அவற்றின் கஸோட்டோ, அதாவது கீழ்க்குரல் ரீடுகள் ஒலிக்கும் மர அறை, தருகிற உருண்டையான நாதத்துக்காகவே பழசைத் தேடுகிறவர்கள் உண்டு. அவர்களை நான் தடுப்பதில்லை. ஆனால் கையால் செய்த ரீட் இன்றும் அதே ஊரில் கிடைக்கிறது. உயர்ரகப் புதுப் பெட்டிகளில் அதைத்தான் போடுகிறார்கள். மரம் வயதானால் இனிக்கும் என்பது வயலின்காரர்கள் பேச்சு. அக்கார்டியனில் அதை நம்பி நான் காசு கொடுக்க மாட்டேன்.

கணக்கைப் பாருங்கள். 41 கட்டை, நான்கு குரல் (ஒரு கட்டைக்கு நான்கு ரீட் தகடு) என்றால் வலது பக்கம் மட்டும் 164 தகடுகள். இழுக்க ஒன்று, தள்ள ஒன்று என்று தகட்டுக்கு இரண்டு நாக்கு, ஆக 328. ஒவ்வொரு தகடும் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த பிடிப்பில் நிற்கிறது. நகத்தால் கீறினால் நல்ல மெழுகில் தடம் விழும். வறண்ட மெழுகு தூளாக உதிரும். உதிர்ந்தால் அத்தனை தகடுகளையும் கழற்றிச் சுத்தம் செய்து, தோல் வால்வு மாற்றி, மறுபடி மெழுகிட்டு, சுருதி சேர்க்க வேண்டும். வாரக்கணக்கில் போகிற வேலை. விலையில் மிச்சம் பிடித்த பாதி அங்கேயே கரைந்துவிடும்.

மெழுகையாவது மாற்றலாம்; அரத்தில் தேய்ந்த எஃகை என்ன செய்வது? சுருதி ஏற்ற நாக்கின் நுனியைச் சுரண்டுவார்கள், இறக்க அடிப்பக்கத்தை. வெளியே கீறல்கூட இல்லாத ஒரு பெட்டியை ஒருமுறை திறந்தேன். உள்ளே நாலைந்து பேர் கைவரிசை காட்டியிருந்தார்கள். சில நாக்குகளில் குறுக்கே ஆழமான கோடுகள். ட்யூன் செய்து கொடுத்த மூன்றாம் மாதம், கோடு விழுந்த இடத்திலேயே ஒன்று முறிந்தது. சென்னைக் கடற்காற்றில் துரு வேறு.

புதுசில் இந்தச் சரித்திரம் இல்லை, உதிரிபாகமும் சுலபம். ஆனாலும் மே மாத வெயிலில் காருக்குள் வைத்துவிட்டுப் போனால் புதுசிலும் மெழுகு இளகித் தகடு நழுவும்.

நேரில் பார்த்து வாங்கினால், எதையும் அமுக்காமல் பெல்லோஸ் வாரை மட்டும் அவிழ்த்துத் தூக்கிப் பிடியுங்கள். கீழ்ப்பாதி தன் எடையில் மெதுவாக இறங்க வேண்டும். பொத்தென்று இறங்கினால் எங்கோ காற்று கசிகிறது. அப்புறம் ஒவ்வொரு கட்டையையும் மிக மெல்லிய காற்றில் வாசித்துப் பாருங்கள். எது தாமதமாகப் பேசுகிறதோ அங்கே வேலை இருக்கிறது.

அந்த நண்பருக்கு விற்பவர் பன்னிரண்டு படம் அனுப்பியிருந்தார், எல்லாமே வெளிப்பக்கம். ரீட் தகடுகள் ஒட்டியிருக்கும் உள் மரத்தை வெளியே எடுத்து ஒரு படம் கேளுங்கள் என்றேன். நேற்று பதில் வந்ததாம்: திறந்தால் வாரண்டி போய்விடுமாம். அறுபது வருடத்துப் பெட்டிக்கு!