தர்ணா: கடன் கொடுத்தவரின் சொல்

போன குளிர்காலத்தில் தெற்கு டெல்லியில் ஓர் அலுவலக வாசலில் துப்புரவுப் பணியாளர்கள் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று மாதக் கூலி வரவில்லை. அவர்களில் ஐந்து பேர் ஜங்புரா மதராசி கேம்ப்பில் வளர்ந்த தமிழ்ப் பெண்கள். பாராபுல்லா வாய்க்கால் ஓரம் இருந்த அந்தக் குடியிருப்பு 2025 ஜூன் 1ஆம் தேதி இடிக்கப்பட்டது. 370 வீடுகளில் 189 குடும்பங்களுக்குத்தான் மாற்று வீடு என்று முடிவானது. அதுவும் நகரத்தின் வடகோடியில் இருக்கும் நரேலாவில். அங்கிருந்து இருட்டோடு கிளம்பி, பஸ் மாறி மாறி வேலைக்கு வருகிறவர்கள் இவர்கள்.

பேனரின் மேல்பாதியில் இந்தியில் எழுதியாகிவிட்டது. கீழ்ப்பாதியில் தமிழில் எழுத என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு தாளில் 'தர்ணா' என்று எழுதிக் காட்டினேன். விழுப்புரம் பக்கத்து அக்கா ஒருவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இதுவும் இந்திதானே தம்பி? நம்ம பக்கம் வாசல்ல பழியா கெடக்கிறதுன்னு சொல்லுவாங்க" என்றார்.

இந்தச் சொல்லை நான் இருபது வருடமாக எழுதி வருகிறேன். அன்றைக்குத்தான் அதன் உள்ளே போய்ப் பார்த்தேன்.

தர்ணா வடமொழி 'த்ரு' என்ற வேரிலிருந்து வந்தது. தாங்குதல், பிடித்தல் என்பது அதன் பொருள். உலகைத் தாங்குவதால் தரணி. தருமமும் இதே வேரில் பிறந்தது. இந்தியில் 'தர்னா' என்றால் வைத்தல், பிடித்தல். ஆக, தர்ணா இருப்பவர் ஒருவரைப் பிடித்து நிறுத்துகிறார். கையால் தொடாமல், வாசலில் உட்கார்ந்தே பிடிக்கிறார்.

யாரை? கடனாளியை. வட இந்தியாவில் இது பழைய கடன் வசூல் முறை. வாங்கியவர் திருப்பித் தராமல் இழுத்தடித்தால், கொடுத்தவர் அவர் வீட்டு வாசலில் போய்ப் பட்டினியோடு உட்கார்ந்துவிடுவார். வந்தவர் பசித்திருக்க வீட்டுக்காரர் சாப்பிட முடியாது. உட்கார்ந்தவர் செத்தால் பாவம் வீட்டுக்காரர் தலையில். இந்த அச்சத்தின் வலிமை தெரிந்துதான் 1860இன் இந்திய தண்டனைச் சட்டம் 508ஆம் பிரிவில் அதைக் குற்றமாக்கியது. தெய்வக் கோபத்துக்கு ஆளாவாய் என்று நம்பவைத்து ஒருவரைப் பணியவைத்தால் ஓராண்டு வரை சிறை. அந்தப் பிரிவு சொல்லும் முதல் எடுத்துக்காட்டே, ஒருவர் இன்னொருவர் வாசலில் தர்ணா இருப்பதுதான். 2024 ஜூலையில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது 354ஆம் பிரிவாகத் தொடர்கிறது.

சொல் வடக்கே பிறந்தது. வழக்கம் நமக்குப் புதிதல்ல. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே கண்டதாக ஒன்றைச் சொல்கிறார். பலமுறை கேட்டும் கடனாளி தராவிட்டால், கொடுத்தவர் அவரைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் போட்டுவிடுவாராம். பாக்கியைத் தீர்க்காமல் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. குதிரைமேல் வந்த அரசனைச் சுற்றியே ஒரு வணிகர் கோடு போட்டார். அரசனும் தீர்த்துவிட்டுத்தான் நகர்ந்தான் என்கிறார். எனக்கு இதில் பிடித்தது அந்தக் கோடு. சாதாரண வணிகர் ஒருவர் போட்ட கோட்டை ஆளுகிறவன் மதித்து நின்ற நாடு இது.

பழி கிடத்தல் என்ற நம் சொல்லில் இதே நியாயம் இருக்கிறது. கிடப்பவர் தன் உடம்பை வாசலில் போடுகிறார். பழி உள்ளே இருப்பவரைச் சேர்கிறது. தெய்வத்திடமும் இப்படிக் கிடப்பதுண்டு. சிலப்பதிகாரத்தில் மாற்றாள் குழந்தை தன் கையில் இறந்துபோக, மாலதி பாசண்டச் சாத்தன் கோயிலில் 'பாடு கிடந்தாள்'. வடக்கு நோக்கி உட்கார்ந்து, உண்ணாமல் உயிர்விடும் வடக்கிருத்தலை இதோடு சேர்ப்பவர்கள் உண்டு. அது சரியில்லை என்பேன். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

மற்றப் போராட்டச் சொற்களோடு இதைக் குழப்பக் கூடாது. வழியை அடைப்பது மறியல். ஆளைச் சூழ்வது முற்றுகை, அதுவே கெராவ். ஹர்த்தால் என்பது கடையடைப்பு. ஆர்ப்பாட்டம் 'ஆர்ப்பு' என்ற பேரொலியிலிருந்து வந்தது. ஒரு மணி நேரம் முழங்கிவிட்டுக் கலையலாம். தர்ணாவில் கலைவதற்கு நேரம் கிடையாது. பாக்கி தீரும்போதுதான் எழ முடியும்.

உட்கார்ந்திருப்பவர் கை ஏந்துகிறவர் என்று நாம் பழகிப்போனோம். சொல்லின் பிறப்பைப் பார்த்தால் அவர்தான் கொடுத்தவர். ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் இதை ஊரறியச் செய்தது. 1990 மே 1இல் தொடங்கிய தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு அது. வறட்சி நிவாரண வேலை செய்தவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி வரவில்லை. வருகைப் பதிவேட்டிலோ பொய்ப் பெயர்கள். வேலை செய்தவர்கள் கணக்கைக் காட்டச் சொன்னார்கள். 'நம் பணம், நம் கணக்கு' என்பதுதான் முழக்கம். 1996இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். கூலிக் கணக்கில் தொடங்கிய அந்த ஓட்டம் 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக வந்து சேர்ந்தது.

2017 மார்ச்சில் அய்யாக்கண்ணு தலைமையில் தமிழக விவசாயிகள் ஜந்தர் மந்தரில் மண்டை ஓடுகளோடு உட்கார்ந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தயிர்சாதம் கட்டிக்கொண்டு நானும் போனேன். வங்கிக் கணக்கில் அவர்கள் கடனாளிகள். ஆனாலும் அவர்கள் உட்கார்ந்தது கடன் கொடுத்தவர் உட்காரும் இடம். விளைவித்துக் கொடுத்ததற்கு உரிய விலை இந்த நாடு அவர்களுக்கு வைத்திருக்கும் பாக்கி. அதே அக்டோபரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஜந்தர் மந்தரில் போராட்டங்களுக்குத் தடை போட்டது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்களில் பியாவரில் உட்கார்ந்த அதே அமைப்பும் உண்டு. முழுத் தடை கூடாது என்று 2018 ஜூலையில் தீர்ப்பு வந்தது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். 1921இல் கல்கத்தாவில் மாணவர்கள் சிலர், வழியில் தர்ணா கிடந்து சக மாணவர்களைத் தடுத்தபோது, காந்தி அதைக் காட்டுமிராண்டித்தனம் என்றார். நான் அவர் பக்கம். சக மாணவன் யாருக்கும் கடன்பட்டவனில்லை. அவன் வழியில் படுத்து அவனைப் பழிக்கு ஆளாக்குவது அநியாயம்.

தமிழில் எப்படி எழுதலாம்? செய்திகளில் வரும் 'தர்ணாவில் ஈடுபட்டனர்' உயிரில்லாத தொடர். தமிழ்நாட்டில் தாலுகா அலுவலகங்களில் நடப்பதற்குக் 'காத்திருப்புப் போராட்டம்' என்ற பெயர் ஊன்றிவிட்டது. நல்ல சொல், தலைப்புக்குப் பொருந்தும். வினையாக எழுதும்போது 'கூலி கேட்டுப் பழிகிடந்தனர்' என்றே எழுதுவேன். பழி என்றதும் பழிவாங்குதல் நினைவுக்கு வருமே என்று நண்பர் ஒருவர் தயங்கினார். வாசலில் என்ற சொல்லைச் சேர்த்தால் அந்தக் குழப்பம் தீரும்.

பேனரில் கடைசியில் 'கூலி பாக்கி வரும்வரை வாசலில் பழிகிடப்போம்' என்று எழுதினோம். மறுநாள் மேலாளர் வெளியே வந்து, கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். அந்த அக்கா எழுந்திருக்காமலே இந்தியில் சொன்னார்: "நீங்க எங்களுக்குக் கடன்பட்டிருக்கீங்கன்னு எழுதியிருக்கு." நான்காம் நாள் இரண்டு மாதக் கூலி வந்தது. மூன்றாவது மாதத்துக்காகப் பேனரை நரேலாவில் அவர் வீட்டுப் பரணில் மடித்து வைத்திருக்கிறார்கள்.