வெப்சைட் வெளில குடுத்துப் பண்றீங்களா? டொமைன் யார் பேர்ல இருக்குன்னு பாத்தீங்களா?

நான் கோயம்புத்தூர்ல வெப்சைட் பண்ற தொழில்ல இருக்கேன். எங்கிட்ட வர்றவங்கள்ல நெறைய பேர் புது சைட் கேட்டு வர்றதில்லைங்க, ஏற்கனவே ஒருத்தர்கிட்ட காசு குடுத்துப் பண்ணின சைட் இப்ப கைக்குள்ள இல்லன்னுதான் வர்றாங்க. பண்ணிக்குடுத்த பையன் பெங்களூர்ல வேலைக்குப் போயிட்டான், போன் எடுக்கமாட்டேங்கறான், இல்ல அந்த கம்பெனியையே மூடிட்டாங்க. நான் மொதல்ல கேக்கறது டொமைன், அதாவது சைட்டோட அட்ரஸ் பேரு, யாரோட அக்கவுண்ட்ல இருக்குங்கறதுதான். "அதெல்லாம் அவங்களே பாத்துக்கிட்டாங்க தம்பி"ம்பாங்க. பிரச்சனையே அதுதாங்க.

வெப்சைட்னு நாம ஒண்ணா சொல்றதுல டொமைன், ஹோஸ்டிங் (சைட் உக்காந்திருக்கற சர்வர் இடம்), சைட்டோட கோடுன்னு மூணு சமாச்சாரம் இருக்கு. ஹோஸ்டிங் போனா வேற வாங்கிக்கலாம், கோடு போனா செலவு பண்ணி திரும்ப எழுதிக்கலாம், டொமைன் போனா போனதுதான். நிலத்துக்கு நீங்க காசு குடுத்துட்டு பட்டாவ மேஸ்திரி பேர்ல வாங்குவீங்களா? ஆனா டொமைன்ல தினமும் அதைத்தான் பண்றாங்க. டொமைன் பதிவுல ரெஜிஸ்ட்ரன்ட்னு ஒரு இடம் இருக்கும், அதுல யார் பேர் இருக்கோ அவங்கதான் ஓனர், வருஷா வருஷம் ரினியூவல் காசு நீங்கதான் குடுத்தீங்கங்கறது அங்க கணக்குல வராது. சண்டை போட்டு வாங்கலாம்னா டாட் காமுக்கு யூடிஆர்பி, டாட் இன்னுக்கு ஐஎன்டிஆர்பின்னு டொமைன் தகராறு தீர்க்கற வழி இருக்கு, ஆனா அந்தப் பேர்ல உங்களுக்கு டிரேட்மார்க் உரிமை இருக்குன்னும் எதிராளி கெட்ட எண்ணத்தோட புடிச்சு வச்சிருக்கான்னும் நிரூபிக்கணும். டாட் காமுக்கு வைப்போங்கற ஐ.நா. அறிவுசார் சொத்து அமைப்பு கிட்ட ஒத்த நடுவர் வச்சு கேஸ் போட ஃபீஸ் மட்டும் 1,500 டாலர், வக்கீல் செலவு தனி.

இங்க கணபதி ஏரியா பக்கம் பம்ப் ஸ்பேர்ஸ் பண்ற ஒருத்தர் வந்தார். அட்டைப்பெட்டி, விசிட்டிங் கார்டு, எக்ஸிபிஷன் பேனர்னு எல்லாத்துலயும் வெப்சைட் அட்ரஸ் அடிச்சு வச்சிருக்கார், சைட் திடீர்னு ஓப்பன் ஆகல. டொமைன் பதிவு விவரம் காட்டற லுக்அப் பக்கத்துல பாத்தா டொமைன் எக்ஸ்பயர் ஆகி ரிடெம்ப்ஷன்ல நிக்குது. டாட் காம் எக்ஸ்பயர் ஆனா உடனே போயிடாது, ரெஜிஸ்ட்ரார, அதாவது டொமைன் விக்கற கம்பெனிய, பொறுத்து 45 நாள் வரைக்கும் சாதா ரேட்லயே ரினியூ பண்ண விடுவாங்க, அப்புறம் 30 நாள் ரிடெம்ப்ஷன், அதுல தனியா பெனால்டி மாதிரி பல ஆயிரம் கட்டணும், அதையும் விட்டா அஞ்சு நாள்ல டெலீட் ஆகி யார் வேணா வாங்கிக்கலாம்னு ஆயிடும். இப்படி விழற பழைய டொமைன புடிச்சு ரம்மி, பெட்டிங் பக்கம் போடறதுக்குன்னே ஆள் இருக்காங்க. நல்ல வேளை, டெவலப்பரோட மச்சான் மூலமா ஆளப் புடிச்சோம், அவரும் மறுபேச்சு பேசாம லாகின் குடுத்துட்டார். விஷயம் என்னன்னா ரினியூவல் மெயில் எல்லாம் அவர் திறக்கறதே இல்லாத ஒரு பழைய ஜிமெயிலுக்குப் போயிட்டிருந்திருக்கு. யாரும் ஏமாத்தல, ஆனா பெனால்டி கட்டினது என்னவோ பம்ப்காரர்தான்.

டெவலப்பர் எல்லாம் திருடங்கன்னு நான் சொல்ல வரல. ஓனர் ஒரு ஈமெயில் ஐடி உருப்படியா வச்சிருக்க மாட்டார், கார்டு நம்பர் கேட்டா பயப்படுவார், ஓடிபி கேட்டா "நீங்களே பாத்துக்கோங்க, காசு தந்தர்றேன்"ம்பார், அப்ப டெவலப்பர் வேற வழியில்லாம தன்னோட அக்கவுண்ட்லயே வாங்கிப் போட்டுடறார். ஆட்டோ ரினியூவல் இருக்குன்னும் நம்பாதீங்க, 2021 அக்டோபர்ல ரிசர்வ் வங்கியோட இ-மேண்டேட் ரூல் வந்ததுல இருந்து நம்ம ஊர் கார்டுல தானா காசு எடுக்கறது பல வெளிநாட்டு கம்பெனிகளுக்கு சரியா நடக்கறதில்ல. மூணு இல்ல அஞ்சு வருஷத்துக்கு மொத்தமா கட்டிடறது நிம்மதி.

மெயில் விஷயம் யாருக்கும் தெரியறதில்ல. உங்க இன்ஃபோ, சேல்ஸ்னு இருக்கற மெயில் ஐடி எல்லாம் பெரும்பாலும் அதே ஹோஸ்டிங்லதான் உக்காந்திருக்கும். புது டெவலப்பர் வந்து சைட்ட வேற ஹோஸ்டிங்குக்கு மாத்தறேன்னு டொமைனோட செட்டிங்ஸ் இருக்கற நேம்சர்வர மாத்துவார், சைட் பளபளன்னு வரும், மெயில் நின்னுடும், ஏன்னா மெயில் எங்க போகணும்னு சொல்ற எம்எக்ஸ் ரெக்கார்ட யாரும் கொண்டு போய் போடல. கொட்டேஷன் கேட்டு வர்ற மெயில் எல்லாம் திரும்பிப் போகும், நீங்க "இந்த வாரம் என்கொயரியே இல்ல"ன்னு நெனச்சிட்டு உக்காந்திருப்பீங்க. மாத்தறதுக்கு முன்னாடி இந்த ரெக்கார்டு எல்லாம் இருக்கற டிஎன்எஸ் பக்கத்த ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்லுங்க, போதும்.

அடுத்து கோடு, டிசைன். காசு குடுத்தாச்சு, அதனால எனக்குத்தான் சொந்தம்னு நெனைக்கறோம். நம்ம 1957 காப்பிரைட் சட்டப்படி சம்பளத்துக்கு வச்ச ஆள் வேலையில எழுதினா முதலாளிக்குச் சொந்தம், வெளி ஆள் எழுதினா பொதுவா எழுதினவருக்குத்தான் சொந்தம். அத உங்க பேருக்கு மாத்தணும்னா எழுத்துல கையெழுத்தோட இருக்கணும். அதுலயும் 19ஆம் பிரிவுல ஒரு சங்கதி இருக்கு, எத்தன காலத்துக்குன்னு எழுதாம விட்டா அஞ்சு வருஷம்னும், எந்த எல்லைக்குன்னு எழுதலன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்னும்தான் எடுத்துக்குவாங்க. எக்ஸ்போர்ட் பண்றவங்க இத கவனிக்கணும். அக்ரிமெண்ட்ல "காப்பிரைட் காலம் முழுசுக்கும், உலகம் முழுக்க"ன்னு ஒரு வரி சேக்க பத்து பைசா செலவில்ல.

ரொம்ப கம்மி ரேட்டுக்கு வேர்ட்பிரஸ் (சைட் கட்டற ரெடிமேட் சாஃப்ட்வேர்) சைட்னா தீம் (டிசைன்), பிளகின் (கூடுதல் வசதி) எங்க இருந்து வந்துச்சுன்னு கேளுங்க. காசு குடுத்து வாங்க வேண்டியத கிராக் பண்ணி இலவசமா விடறாங்க, அதுக்கு நல்டுன்னு பேரு. அதுல பல தடவை ஹேக்கர் உள்ள வர்றதுக்கு பின்வாசல் ஒண்ணு ஒளிஞ்சிருக்கும். ஒரு ஜவுளிக்கடை சைட்ட ஓப்பன் பண்ணினா எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு, ஆனா கூகுள்ல தேடினா கடை பேருக்குக் கீழ ஜப்பான் எழுத்துல பிராண்டட் பை, வாட்ச் விக்கறாங்க. இது உலகம் பூரா நடக்கற ஹேக், கூகுளே இதுக்குத் தனியா ஒரு உதவிப் பக்கம் போட்டிருக்கு. கூகுள்ல இங்கிலீஷ்ல site-னு டைப் பண்ணி முக்காப்புள்ளி வச்சு இடைவெளி விடாம உங்க டொமைன் பேரப் போட்டுத் தேடிப் பாருங்க, என்னென்ன பக்கம் வருதுன்னு உங்களுக்கே தெரியும்.

அட்ரஸ்ல https வர வைக்கற எஸ்எஸ்எல் சர்டிஃபிகேட்டுக்குன்னு வருஷம் மூவாயிரம் நாலாயிரம் பில் போடறாங்களேன்னு கேப்பாங்க. லெட்ஸ் என்க்ரிப்ட்ங்கற அமைப்பு அத இலவசமா குடுக்குது, நெறைய ஹோஸ்டிங்ல தானாவே வருது, சாதாரண கம்பெனி சைட்டுக்கு அதுவே தாராளம்.

பேமெண்ட் பத்தி என் அபிப்பிராயம், கடைசி தவணைய சைட் லைவ் ஆனதும் குடுக்காதீங்க, எல்லா லாகினும் உங்க கைக்கு வந்து நீங்களே ஒரு தடவ உள்ள போய் பாத்தப்புறம் குடுங்க. வேர்ட்பிரஸ்ல எடிட்டர் லாகின் குடுத்துட்டு இதுதான் எல்லாம்னு சொல்றவங்களும் இருக்காங்க, உங்களுக்கு வேண்டியது அட்மினிஸ்ட்ரேட்டர். பேக்கப்னா ஃபைலும் டேட்டாபேஸும் ரெண்டும். அதே சமயம் போட்டோவும் மேட்டரும் தராம ஆறு மாசம் இழுத்தடிச்சுட்டு "சைட் லேட்"னு காசப் புடிக்கற ஓனர்களும் எங்களுக்குத் தெரியும், அது தனிக் கதை.

ஏற்கனவே சைட் ஓடிட்டிருந்தா, டெவலப்பரோட நல்லா பேசிட்டிருக்கறப்பவே கேட்டு வாங்கிடுங்க. லுக்அப்ல பிரைவசி போட்டிருந்தா பேர் தெரியாது, அதனால அவர்கிட்டயே கேக்கறதுதான் வழி. அதே ரெஜிஸ்ட்ரார்ல உங்களுக்கு ஒரு அக்கவுண்ட் ஆரம்பிச்சா அதுக்குள்ள தள்ளி விடறது சில நிமிஷ வேலை, பெரும்பாலும் காசும் கேக்கமாட்டாங்க. பேர் மாத்தினா 60 நாளைக்கு வேற ரெஜிஸ்ட்ராருக்கு மாத்த முடியாம லாக் விழலாம், சைட் அதுபாட்டுக்கு ஓடும். வாட்ஸ்அப்ல இத அப்படியே அனுப்புங்க: "தம்பி, ஆடிட்டர் கேக்கறார், டொமைன கம்பெனி பேருக்கு மாத்தி என் அக்கவுண்ட்டுக்குத் தள்ளி விட்டுடுங்க, ஹோஸ்டிங் லாகினும் அட்மின் லாகினும் மெயில்ல போடுங்க, உங்க வேலைக்கு சார்ஜ் எவ்வளவுன்னு சொல்லுங்க, இன்னைக்கே ஜிபே பண்ணிடறேன்."