புல்வார்: இடித்த மதிலின் பெயர்

புல்வார் என்றால் இன்று எல்லோருக்கும் தெரிந்த பொருள், இருபுறமும் மரம் வைத்த அகலமான நகர வீதி. பூல்வார்டு, பொலிவார்டு என்றும் எழுதுகிறார்கள். பிரெஞ்சுக்காரர் வாயில் கடைசி 'டு' ஒலிப்பதில்லை என்பதால் புல்வார் போதும்.

சொல் பிரெஞ்சுக்குச் சொந்தமில்லை. இடைக்கால டச்சு மொழியில் 'போல்வெர்க்' என்பது மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய அரண். ஆங்கிலத்தில் அதுவே 'புல்வர்க்' ஆனது, பிரெஞ்சில் புல்வார். கட்டை போய் மண்மேடும் கல்லும் வந்த பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. பீரங்கி நிறுத்துகிற அந்த மதில்மேட்டுக்குத் தமிழில் பழகிய சொல் கொத்தளம்.

கொத்தளம் எப்படி வீதியானது? 1670இல் பதினான்காம் லூயி, இனி பகைவர் பாரிஸ் வரை வரமாட்டார்கள் என்ற தெம்பில், நகரின் வடக்கு மதிலை இடிக்கச் சொன்னார். மதில் இருந்த இடத்தில் மரம் நட்டு உலாவும் பாதை அமைத்தார்கள். மதில் போனது, புல்வார் என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், மதிலை எடுத்த கையோடு வாசலைக் கட்டினார்கள்: 1672இல் சேன் தெனி வாசல், 1674இல் சேன் மர்த்தேன் வாசல். இரண்டும் அரசரின் போர் வெற்றிகளைப் பாடும் வளைவுகள். காவலுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. சேன் மர்த்தேன் புல்வாரில் ஓரிடத்தில் நடைபாதை உயரத்தில், கைப்பிடிக் கம்பியோடு இருக்கும். வண்டிகள் கீழே பள்ளத்தில் ஓடும். மேட்டின் நடுவை வெட்டிச் சாலையைத் தாழ்த்தியதால் வந்த உயரம் அது.

பாரிஸ் வளர வளர இதே கதை திரும்ப நடந்தது. 1780களில் சுங்கம் வசூலிக்க எழுப்பிய மதிலை 1860இல் எடுத்தார்கள். கிளிஷி, ரோஷ்ஷுவார் புல்வார்கள் அதன் தடத்தில் வந்தவை. இன்றைய மெட்ரோவின் 2, 6ஆம் தடங்கள் பெரும்பாலும் அந்த வட்டத்தையே சுற்றுகின்றன. 1840களில் கட்டிய கோட்டை மதில் 1919 முதல் இடிபட்டது. அங்கேயும் ஒரு வளையச் சாலை.

பொருளைக் குழப்பியவர் ஓஸ்மான். 1853 முதல் 1870 வரை பாரிஸின் ஆட்சியராக இருந்து, பழைய தெருக்களை ஊடறுத்து நேர்கோட்டில் வீதி போட்டவர். செபஸ்தொபோல், சேன் மிஷேல் வீதிகள் எந்த மதிலின் தடத்திலும் வந்தவை அல்ல. ஆனாலும் அவற்றுக்கும் புல்வார் என்றே பெயர் வைத்தார்கள். அன்றிலிருந்துதான் சொல்லுக்கு வெறும் 'அகல வீதி' என்ற பொருள் ஊன்றியது.

வியன்னாவில் செயல் அதே, பெயர் வேறு. 1857இல் பேரரசர் பிரான்ஸ் யோசப் மதிலை எடுக்க ஆணையிட்டார்; 1865இல் திறந்த வீதிக்குப் பெயர் 'ரிங்', அதாவது வளையம். மதிலுக்கு வெளியே காலியாகக் கிடந்த நிலமும் கைக்கு வந்ததால், கிரேக்கக் கோயில் சாயலில் நாடாளுமன்றம், கோதிக் கோபுரத்தோடு நகர்மன்றம் என்று வரிசையாக எழுப்பினார்கள். ஆளுக்கொரு பழங்காலத்தைக் கடன் வாங்கியதுபோல் இருக்கும். என் கண்ணுக்கு அழகுதான். ஆனால் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே தலைமுறையில் எழுந்தவை என்பது நினைவிருக்க வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'நிழற்சாலை' என்று எழுதுவோர் உண்டு. அதை அவென்யூவுக்கும் பயன்படுத்துகிறோம், மதிலின் வாசமும் அதில் இல்லை. நமக்குப் பக்கத்திலேயே ஒரு சொல் இருக்கிறது. பிளாக்பர்ன் ஆட்சியராக இருந்தபோது மதுரைக் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். அப்போது உருவானவைதான் வெளி வீதிகள். பழைய பொருளில் அசல் புல்வார் அவைதாம். புதுச்சேரியிலும் பழைய நகரைச் சுற்றிய சாலைகளுக்குப் பிரெஞ்சுக்காரர் புல்வார் என்றே பெயரிட்டார்கள்.

ஆகவே மதில் தடத்தில் வந்ததற்கு 'மதில்வெளி வீதி' என்பது என் தேர்வு. ஓஸ்மான் போட்டவற்றுக்கு அது பொருந்தாது, 'பெருவீதி' போதும். முகவரியிலும் வரைபடத்திலும் வரும்போது மட்டும் புல்வார் சேன் மிஷேல் என்று பெயரை அப்படியே விட்டுவிடலாம்.